இருபத்தாறு சுத்தமான குப்பிகள்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரும் தெரியாது. ஆனால் கஞ்சா ஒரு மனித உடம்பில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை, அலுவலக நேரத்துக்குள், மதியச் சாப்பாட்டு இடைவேளையைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஆராய்ந்து கண்டவரின் பெயரை நான் சொல்ல முடியும். மாண்புமிகு சங்குவன், தலைவர், நோங் தாவாய் ஊராட்சி.

நான் அந்த அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். ஜியாப் என்று கூப்பிடுவார்கள். தலைவர் தும்மினால்கூட நேரம் போட்டு எழுதிவிடுவேன். அதனால் இதை வரலாறு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கஞ்சா தடைப்பட்டியலிலிருந்து வெளியே வந்த வருடம், எங்கள் தலைவர் அதைத் தத்து எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு ஆறு கன்று கொடுத்தார். புதன்கிழமைகளில் அலுவலர் எல்லோரும் பச்சை இலை அச்சடித்த சட்டை போட வேண்டும் என்றார். வாசல் வளைவின் உச்சியில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு கஞ்சா இலை முளைத்தது. உணவகத்தில் சம்னியங் அக்கா தினமும் மதியம் அந்த இலை போட்டுக் கோழிச் சூப் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அதற்கு 'ஊழியர் நலத் திட்டம்' என்று பெயர்.

நலம் உண்மையாகவே பெருகியது. மூன்று மணிக் கூட்டங்களில் சண்டை நின்றது. சாக்கடைத் திட்டத்தை எதிர்த்து மனுவோடு வந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, சாக்கடையைப் பற்றி நெகிழ்ந்து பேசிவிட்டுப் போனார்கள். தலைவர் சூப்போடு நிற்கவில்லை. ஆராய்ச்சி நோக்கில், பின்புற வராந்தாவில், புகையாகவும் பரிசோதித்து வந்தார்.

மனுவோடு வருகிறவர்கள் நீங்கலாக, நலத்திட்டம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். இதில் தலைவர் மிகக் கண்டிப்பு. அதனால் எங்கள் ஓட்டுநர் பூன்தம், ஒன்பது வருடமாகச் செய்ததுபோலவே, தன் வேனுக்குள் உட்கார்ந்து, மூங்கில் கூடையில் கொண்டுவந்த ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, மிளகாய்ப் பச்சடியில் தொட்டுச் சாப்பிட்டு வந்தான். ஒன்பது வருடமாக அவன் 'தற்காலிகம்'. தலைவருக்கு முன்பே வந்தவன். கட்டடத்தின் கூரையைவிட மூத்தவன். ஆனாலும் தற்காலிகம்.

அவனுக்குச் சந்திராவைக் கட்டிக்கொள்ள ஆசை. சந்திரா எங்கள் சுகாதார நிலையத்தில் உதவிச் செவிலி. அவளுக்கும் ஆசைதான். அவள் அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

"தற்காலிக மாப்பிள்ளைக்குப் பொண்ணையும் தற்காலிகமாத்தான் அனுப்பணுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் தலைவரின் மேசையில் இருந்தது. பூன்தமை நிரந்தரமாக்கும் உத்தரவு, தட்டச்சாகி, கையெழுத்துக்கு மட்டும் காத்திருந்தது. நல்ல நாள் பார்த்து அடுத்த திங்கட்கிழமை போடுவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மேலே காற்று திசை மாறியது.

தலைநகரத்தில் யாரோ கஞ்சா கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தலைவர் ஒரே நாளில் தெளிந்துவிட்டார். அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஜியாப், எழுதிக்கோ. நம்ம வளைவுமேல இருக்கிறது கஞ்சா இலை இல்ல. மரவள்ளி இலை."

"தலைவரே, அதுல ஏழு விரல் இருக்கே."

"மரவள்ளிக்கும் ஏழு விரல்தான். நம்ம மண்ணோட பயிர் அது. சட்டையில இருக்கிறதும் மரவள்ளி. இதுவரைக்கும் இருந்ததும் மரவள்ளி. இனிமே இந்த அலுவலக எல்லைக்குள்ள அந்த இலை எங்க இருந்தாலும் அது மரவள்ளிதான்."

கை தூக்கினோம். ஏகமனதாக ஒரு தாவரம் இனம் மாறியது.

இயற்கை பணிந்துவிட்டது. எங்கள் உடம்புதான் பணிய மறுத்தது. 'வெள்ளை அலுவலகம்' என்ற திட்டத்தின் கீழ் எல்லா ஊழியர்களுக்கும் சிறுநீர்ச் சோதனை நடக்கும் என்று மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. தலைவர் உடனே 'கஞ்சா தங்கல் கால நிர்ணயக் குழு' ஒன்றை அமைத்தார். தலைவர், செயலர் ரத்தனா, பொதுப்பணிப் பொறுப்பாளர் கம்ரோன், குறிப்பெழுத நான்.

கம்ரோன் சாக்கடை கட்டுகிறவர். அவர் மனித உடம்பை ஒரு தொட்டியாக எடுத்துக்கொண்டார்.

"தொட்டி கொள்ளளவு தெரியும். வெளியேறுற குழாய் விட்டம் தெரியும். தினம் உள்ள எவ்வளவு ஊத்தினோம்கிறதுதான் தெரியணும். தலைவரே, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை?"

"எத்தனை என்ன?"

"கிண்ணம்."

"மூணு. புகை கணக்கு தனி."

கம்ரோன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "தொட்டியை இடிச்சிட்டுப் புதுசாத்தான் கட்டணும்."

செயலர் ரத்தனா சுகாதாரக் கையேட்டைக் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மாளுக்கு விதிமுறை என்றால் உயிர். எழுந்து நின்று வாசித்தார். "எப்பவாவது எடுக்கிறவங்களுக்கு மூணு நாள். தினம் எடுக்கிறவங்களுக்கு முப்பது நாள். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அப்ப மயக்கம் ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிடுதே?"

"மயக்கம் தெளியும் தலைவரே. சிறுநீர்தான் மறக்காது."

ஒரு அரசு ஊழியனின் உடம்பிலேயே, அவன் உத்தரவுக்குக் கட்டுப்படாத ஒரு ஞாபகம் இருக்கிறது என்பது தலைவரை ஆழமாகப் பாதித்தது. சோதனையை முப்பத்தைந்து நாள் தள்ளிவைக்கும்படி பணிவோடு கேட்டு எழுதினோம். காரணம்: 'ஊழியர்கள் மரவள்ளி அறுவடை விழிப்புணர்வில் ஈடுபட்டுள்ளனர்.'

திங்கட்கிழமை பதில் வந்தது. வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குச் சோதனை.

அன்றே சூப் நிறுத்தப்பட்டது. பூன்தமின் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டிய திங்கட்கிழமையும் அதுதான். தலைவர் பேனாவை எடுத்தார், ஏதோ யோசித்தார், மூடிவைத்தார். யோசனை பெரியது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

"இந்த ஆபீஸ்ல சூப் குடிக்காதவன் யாரு?" என்றார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொடி ஏறியது. தலைவர், வாசலில் நிலத்தைக் காக்கும் பூமிசாமியின் மாடத்தில் சிவப்பு சோடா வைத்து, உறிஞ்சுகுழலும் சொருகி, கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு பூன்தமைக் கூப்பிட்டார். மேசையில் இருபத்தேழு குப்பிகள். ஒவ்வொன்றிலும் பதவி வரிசைப்படி எண் ஒட்டியது நான்தான். தலைவர் ஒன்று. செயலர் இரண்டு. நான் பதினொன்று. பூன்தம் இருபத்தேழு. அவன் 'ஏறக்குறைய நிரந்தரம்' என்பதால் சோதனைக்கு உட்படும் கௌரவம் அவனுக்கும் கிடைத்திருந்தது.

"தம்பி, உன்னால நாட்டுக்கு ஒரு காரியம் ஆகணும்."

பூன்தம் கைகூப்பியபடி குப்பிகளைப் பார்த்தான். அவன் மெதுவாகப் புரிந்துகொள்கிறவன், புரிந்ததும் சிரித்துவிட்டான்.

"எல்லாருக்குமா தலைவரே? நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"உன் உத்தரவு மேசைமேல இருக்கு. பேனாவும் இருக்கு. எல்லாரும் சுத்தம்னு ஆனா, சாயங்காலமே கையெழுத்து."

அதற்கு மேல் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப என்னோடதை முதல்ல எடுத்து வச்சிடட்டுமா? அப்புறம் உங்க எல்லாருக்கும் நிதானமா..."

செயலர் ரத்தனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வரிசையில கடைசி ஆள் முதல்ல போறதா? தலைவருக்கு முன்னாடி ஓட்டுநரா? அப்ப பதவி வரிசைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

பட்டியல் என் கையில் இருந்தது. 'அவன் குப்பியை முதலில் எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்க எனக்கும் வாய் இருந்தது. கேட்கவில்லை. 'முதுநிலை வரிசை பின்பற்றப்பட்டது' என்று எழுதினேன். இன்றும் படித்தால் அழகான வாக்கியம்.

பூன்தம் குடித்தான், போனான், வந்தான். தண்ணீர் ஜாடியின் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. ஒன்பது வருடத்தில் அலுவலகத்துக்குள் அவன் உட்கார்ந்தது அன்றுதான். ஒவ்வொரு முறை கழிவறைக் கதவு திறக்கும்போதும் வராந்தாவில் நின்றவர்கள் அன்போடு எட்டிப் பார்த்தார்கள்.

"எத்தனையாச்சு தம்பி?"

"உங்களுக்கு முன்னாடி இன்னும் மூணு பேர் இருக்காங்க சார்."

"கொஞ்சம் நல்லா நிறைச்சு வை. போன வருஷம் உனக்குப் புது டயர் எழுதிக் குடுத்தது நான்தான்."

பதினோராவது குப்பியை அவனே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. "அக்கா, இது உங்களுது. உங்களுக்குன்னு கொஞ்சம் பார்த்துப் பண்ணேன்" என்றான். நான் நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். குறிப்பில் இல்லை.

பகல் பன்னிரண்டரைக்கு, பதினேழாம் குப்பியோடு, ஜாடி காலியானது. குடிதண்ணீர் வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். இன்னும் பத்துக் குப்பிகள் பாக்கி. அலுவலகமே கையைப் பிசைந்தது. அப்போது சம்னியங் அக்கா உணவகத்திலிருந்து பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இருந்த இலையெல்லாம் எரிக்கச் சொன்னீங்க. மனசு வரல. காலையிலயே கொதிக்க வச்சிட்டேன். குடுக்கலாமா?"

செயலர் அந்த இடத்திலேயே சட்டம் பார்த்தார். அவசரத்தில் பலர் விதியை மறந்துவிடுவார்கள். ரத்தனா அம்மாள் மறக்கிறவர் அல்ல.

"அது என்ன இலை?"

"அந்த இலைதாங்க."

"தீர்மானப்படி அது என்ன இலை?"

சம்னியங் அக்கா கெட்டிலையும் வாசல் வளைவையும் மாறி மாறிப் பார்த்தாள். "மரவள்ளிங்க."

"அப்புறம் என்ன? ஊத்து."

பூன்தம் ஏழு டம்ளர் 'மரவள்ளி'க் கஷாயம் குடித்தான். வேலை மும்முரமாக நடந்தது. பதினெட்டு முதல் இருபத்தாறு வரை ஒரு மணி நேரத்தில் நிறைந்தன. இருபத்தாறாம் குப்பியை மூடும்போது அவன் முகத்தில் ஓர் ஒளி வந்தது. மேசையில் வரிசையாக நின்ற குப்பிகளைக் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"அக்கா, இதுல தலைவர் எவ்வளவு அமைதியா இருக்காரு பாருங்க. நேர்ல இப்படி இருந்து பார்த்ததே இல்ல."

"மெதுவா பேசு பூன்தம்."

"செயலரம்மாகூடப் பரவாயில்ல. மூடி போட்டதும் ஒரு களை வந்துடுச்சு."

அதன்பின் ஐந்து நிமிடம் விடாமல் சிரித்தான். பிறகு தன் கைவிரல்களை எண்ணி, பதினொன்று வருகிறது என்று கவலைப்பட்டான். தலைவர் இதைச் சினத்தோடு பார்க்கவில்லை, அறிவியலோடு பார்த்தார்.

"ஜியாப், நேரம் போடு. குழு அறிக்கைக்கு உதவும்."

போட்டேன். ஏற்றம்: குடித்து ஐம்பது நிமிடத்தில். சிரிப்பு: ஒன்று முப்பத்தைந்து. விரல்: ஒன்று நாற்பத்தைந்து. உறக்கம், வேனின் பின் இருக்கையில்: ஒன்று ஐம்பது. நேரடிச் சோதனை இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் முழுமை பெறாது. எங்கள் குழுவுக்கு அந்தக் குறையும் தீர்ந்தது.

இரண்டே முக்கால் மணிக்குத்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது: இருபத்தேழாம் குப்பி காலியாக இருக்கிறது. நானும் கம்ரோனும் அவனைத் தூக்கி உட்காரவைத்தோம்.

"உன்னோடது ஒண்ணு பாக்கி இருக்குடா."

"யாரோடது?"

"உன்னோடது."

"எனக்கும் உண்டா?" என்று மகிழ்ந்து எழுந்து போனான்.

மூன்று மணிக்குச் சுகாதார நிலையத்திலிருந்து தலைமைச் செவிலியும் சந்திராவும் வந்தார்கள். குச்சியை நனைத்துப் பார்ப்பார்கள். கோடு இரண்டு வந்தால் சுத்தம், ஒன்று வந்தால் குற்றம். தலைமைச் செவிலி எண்ணைக் கூப்பிட, சந்திரா குச்சியைப் பார்த்து ஏட்டில் எழுதினாள். ஒன்றாம் குப்பி: இரண்டு கோடு. இரண்டாம் குப்பி: இரண்டு கோடு. பின்புற வராந்தாவில் ஒரு வருடமாகப் புகைந்த உடம்பு, பிறந்த குழந்தையைப் போல வந்து நின்றது. நாங்கள் கைதட்டினோம். பதினொன்று வந்தபோது நானும் தட்டினேன். கஷாயம் சிறுநீருக்கு இறங்கும் முன்பே நிறைந்துவிட்டதால், பதினெட்டு முதல் இருபத்தாறு வரைக்கும் இரண்டு கோடுதான்.

இருபத்தேழுக்கு ஒரு கோடுதான் வந்தது.

சந்திரா குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு குச்சி எடுத்து நனைத்தாள். அதுவும் ஒரு கோடு. தலைமைச் செவிலி, "எழுதும்மா, நேரமாச்சு" என்றார். அவள் தலை நிமிராமல் எழுதினாள். சுவரோரம் பூன்தம் இன்னும் கொஞ்சம் புன்னகையோடு நின்றிருந்தான். அவனுக்கு அந்தக் கோடு விஷயம் தெளிவாக இன்னும் இரண்டு மணி நேரம் ஆனது.

தலைவர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது என்று குறிப்பில் இருக்கிறது.

"ஒன்பது வருஷமா நம்ம கூடவே இருந்திருக்கான். வேனுக்குள்ள தனியா உக்காந்து சாப்பிடுவான்னு நெனச்சோம். என்ன சாப்பிட்டான்னு யாராவது போய்ப் பார்த்தோமா? தப்பு நம்மமேலயும் இருக்கு."

அந்தப் பெருந்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. நிரந்தர உத்தரவு அங்கேயே ரத்தானது. தற்காலிக வேலையும் போனது. மறு திங்கட்கிழமை பூன்தமை மறுவாழ்வு முகாமுக்கு, அவன் ஒன்பது வருடம் ஓட்டிய அதே வேனில், கம்ரோன் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். நாற்பத்தைந்து நாள். முகாமில் நல்ல சாப்பாடு, காலையில் உடற்பயிற்சி. சந்திராவின் அம்மா தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் சந்திரா அலுவலகத்துக்கு வந்தாள். எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள். என் மேசைக்கு எதிரே நின்றாள்.

"அக்கா, அவர் கஞ்சா இழுப்பாரா?"

"பீடி வாடைக்கே தும்முவான்."

"இருபத்தாறு பேரோட சிறுநீரும் ஒரே நிறம். எல்லாமே பச்சைத் தண்ணி மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

நான் மேசைமேல் இருந்த கோப்புகளை அடுக்கினேன்.

"தெரிஞ்சும் எழுதிட்டேன் அக்கா. குச்சி சொன்னதை எழுதணும்னு விதி. அவர் பேருக்கு நேரே என் கையெழுத்துதான் இருக்கு." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அம்மாகிட்ட சொன்னா, எழுதினவளே நீதானேங்கிறாங்க. தலைமைச் செவிலி மேடம்கிட்ட சொன்னா, சாட்சி இருக்காங்கிறாங்க. அன்னிக்கு நடந்ததை யாராவது எழுதி வச்சிருப்பாங்களா?"

"தலைவர் கையெழுத்து இல்லாம எந்தக் குறிப்பும் வெளிய போகாதும்மா."

அவள் தலையாட்டினாள். கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"தினம் சூப் குடிச்சவங்க உடம்புல முப்பது நாள் இருக்கும்ல அக்கா?"

"அப்படித்தான் எங்க குழு கண்டுபிடிச்சிருக்கு."

"அப்ப இன்னும் இருக்கு" என்றாள். கைகூப்பிவிட்டுப் போனாள்.

எங்கள் அலுவலகத்துக்கு 'வெள்ளை அலுவலகம்' கேடயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. விழாவில் ஆளுநர் வாசிப்பதற்காகத் தலைவரைப் பாராட்டி ஒரு கட்டுரை வேண்டும் என்று மாவட்டத்தில் கேட்டார்கள். தலைவர் அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

"நடந்ததை நடந்தபடி எழுது ஜியாப். ஆனா கம்பீரமா இருக்கணும்."

அந்தக் கட்டுரைதான் இது. அன்றைய கூட்டக் குறிப்பையும், நேரம் போட்டபடியே, பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன். இதுவரை எழுதியதை இன்று காலை பன்னிரண்டு கோப்புகளுக்கு நடுவில் வைத்துத் தலைவரிடம் நீட்டினேன். பதவிக்கு வந்த நாளிலிருந்து நான் எழுதிய ஒரு வரியையும் தலைவர் படித்ததில்லை. இன்றும் படிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 'உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே சரியான சொல் அதுதான்.

மாண்புமிகு ஆளுநர் அவர்களே, கேடயத்தை அவருக்கே கொடுங்கள். அவர் தகுதியானவர். கொடுப்பதற்கு முன்னால் மட்டும், சொல்லாமல் கொள்ளாமல், குப்பிகளை உங்கள் ஆட்களே கொண்டுவந்து, கழிவறை வாசலில் ஒருவரை நிறுத்தி, இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள். எங்கள் கடைசி சூப் குடித்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. குழுவின் கண்டுபிடிப்பு சரியாக இருந்தால் உங்களுக்கு இன்னும் பதினொரு நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் உண்மையாகவே சுத்தமாகிவிடுவோம். முகாமில் இருக்கும் ஒருவன் மட்டும்தான் வாழ்நாள் முழுக்க அழுக்காக இருப்பான்.

பதவி வரிசை பார்க்க வேண்டாம். என்னிடமிருந்தே தொடங்கலாம்.